திரும்பி வந்த சீர்

கேள்வி

எனக்கு 38 வயது. சொந்த ஊர் ஈரோடு. 11 வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு, இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 10 வயது மகன் என்னோடு இருக்கிறான். கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு ரூம், ஹால், சமையலறை உள்ள வாடகை வீடு.

தீர்ப்பு வந்த வாரமே என் சீர்ச் சாமான்கள் ஒரு மினி லாரியில் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கின. கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள், கிரைண்டர், பித்தளை அண்டா, நான்கு மூட்டை எவர்சில்வர் பாத்திரம், பட்டுப் புடவைகள், ஆல்பம் எல்லாம் மாடி அறையில் அப்படியே கிடக்கின்றன. பாத்திரங்களில் எங்கள் இருவர் பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது. இதுவரை ஒரு மூட்டையைக்கூட நான் அவிழ்க்கவில்லை. இங்கே தோசை மாவைப் பாக்கெட்டில் வாங்குகிறேன், அங்கே என் கிரைண்டர் சாக்குக்குள் இருக்கிறது. நகை 36 பவுனில் 22 பவுன் திரும்பி வந்தது. மீதி அவருடைய கடைக்காக விற்றது. ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அம்மா, "பேரன் கல்யாணத்துக்கு ஆகும், இருக்கட்டும்" என்கிறார். அண்ணி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், அந்த அறை அவளுக்கு வேண்டியிருக்கும். பெரியம்மா, "போகியன்னிக்கு எல்லாத்தையும் கொளுத்திட்டுத் தலை முழுகு" என்கிறார். தாலியை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அந்த 11 வருடமும் நான் வாழவே இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கிரைண்டர் வரியில்தான் நின்றேன். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, சொந்தக் கிரைண்டர் இருக்கும்போதே, பாக்கெட் மாவில் தோசை வார்க்கிறீர்கள். எட்டு மாதமாக மூட்டையை அவிழ்க்காமல் இருப்பதற்கு சோம்பல் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். 19 வருடமாகக் குடும்பநல ஆலோசகராக இருக்கிறேன். அவிழ்க்காத மூட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் சீர் என்பது ஊர் பார்க்கப் போகும் பொருள். தட்டு தட்டாக எடுத்து வைத்து, எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்க்க, தெரு வழியாகப் போகும். அது திரும்பி வரும்போதும் தெரு பார்க்கிறது. லாரியிலிருந்து பீரோ இறங்குவதை எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ பார்த்திருப்பார்கள். போனபோது எண்ணியவர்களே வந்தபோதும் எண்ணியிருப்பார்கள். அந்தக் கண்களையும் சேர்த்துத்தான் சாக்குக்குள் போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் முடிச்சில் கை வைக்க முடியவில்லை.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இது யாருடையது? நீங்கள் இவற்றைக் 'கல்யாணச் சாமான்' என்று நினைக்கிறீர்கள். கல்யாணம் முடிந்துபோனதால் சாமானுக்கும் உயிர் போய்விட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் இவை கல்யாணத்துக்குக் கொடுத்தவை இல்லை, உங்களுக்குக் கொடுத்தவை. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. திருமணத்துக்கு முன்பும், திருமணத்தின்போதும், அதற்குப் பிறகும் ஒரு பெண்ணுக்கு அவளுக்கென்று கொடுத்த நகை, புடவை, பாத்திரம், பணம் எல்லாம் சீதனம். பிறந்த வீடு கொடுத்தாலும் சரி, புகுந்த வீடு கொடுத்தாலும் சரி. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவியின் முழு உரிமையான சொத்து, அதைக் கையில் வைத்திருக்கும் கணவர் பாதுகாவலர் மட்டுமே என்று தெளிவாகச் சொன்னது. 2024இல் மறுபடியும் அதையே உறுதி செய்தது. கஷ்ட காலத்தில் கணவர் அதை எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் தார்மீகக் கடமை அவருக்கு உண்டு என்றது. 1961ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டத்தில்கூட, வரதட்சணை என்று வேறு யாராவது கையில் வாங்கியிருந்தாலும் அதை அந்தப் பெண்ணிடம் மூன்று மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது.

ஆக, அந்த மாடி அறையில் கிடப்பது உடைந்த கல்யாணத்தின் மிச்சம் இல்லை. அது உங்கள் சொத்து. உங்கள் சொத்தை நீங்கள் உபயோகிக்கலாம், விற்கலாம், மனமுவந்து ஒருவருக்குக் கொடுக்கலாம். பயந்து கொளுத்துவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

விட்டுக்கொடுத்த 14 பவுனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் முழு விவரமும் தெரிந்து, யாரும் மிரட்டாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு முடிந்தது. அதை ராத்திரியில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்காதீர்கள். மிரட்டலில் போட்ட கையெழுத்து என்றால் அது வேறு விஷயம், அந்தத் தாளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே உதவுகிறார்கள். இதைப் படிக்கும் வேறு சில சகோதரிகளுக்குச் சாமான் இன்னும் திரும்பியே வந்திருக்காது. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வழி தெரியாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கேளுங்கள்.

இனி மூட்டைக்கு வருவோம். அதற்கும் முன்னால் காகிதம். பெரியம்மா சொல்வதுபோல் போகித் தீயில் எதையும் போடுங்கள், காகிதத்தைப் போடாதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல், ஒப்பந்தம், சாமான் திரும்ப வாங்கியபோது கையெழுத்திட்ட பட்டியல், திருமணப் பதிவுச் சான்றிதழ், நகை ரசீதுகள், மகனின் பிறப்புச் சான்றிதழ். இவை ஒரு கோப்பில், கோவை வீட்டில், உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்கவும், நாளை ஒருவேளை மறுமணம் என்று வந்தாலும், அந்தத் தீர்ப்பு நகலைக் கேட்பார்கள். கையோடு வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பார்த்துவிடுங்கள். விவாகரத்து ஆகிவிட்டதால் நாமினி தானாக மாறிவிடாது, நாம்தான் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். இரண்டு பேர் பெயரில் லாக்கர் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். ரேஷன் கார்டில் பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கிய பிறகுதான் புது அட்டைக்கு எழுதிப்போட முடியும், அதனால் அந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இதெல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை.

காகிதங்களோடு இன்னொன்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். மொய் நோட்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். "கல்யாணமே இல்லைன்னு ஆச்சு, மொய் நோட்டு எதுக்கு?" என்று ஒரு பெண்ணின் தகப்பனார் என்னிடம் கேட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்துபோனாலும் மொய் முடியவில்லை. உங்கள் கல்யாணத்தில் 501 ரூபாய் எழுதியவர் வீட்டில் நாளை ஒரு காதுகுத்து வரும். அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். விவாகரத்தான பெண்கள் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த நோட்டு கையில் இருந்தால், போய் நின்று மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர ஒரு காரணம் இருக்கும். போங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, சாமான்கள். முதலில் விடவேண்டியது கட்டில். இதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அது தேக்காக இருக்கலாம், உங்கள் அப்பா மரக்கடையில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் என்னிடம் வந்த பெண்களில், பழைய கட்டிலிலேயே படுத்து நிம்மதியாகத் தூங்கியவர்கள் மிகக் குறைவு. உங்கள் வீடும் சின்னது. மெத்தையை வீசிவிடுங்கள், அதை யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்க வேண்டாம். கட்டிலை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் உங்களுக்கும் மகனுக்கும் படுக்க ஏதாவது வாங்குங்கள். உங்கள் அப்பாவின் தேக்கு அப்போதும் உங்களுக்கு உதவியதாகத்தான் கணக்கு. டிரஸ்ஸிங் டேபிளை அண்ணன் மகளுக்குக் கொடுக்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் படிக்கும் மேஜையாகவும் ஆகும். பீரோ வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் வாடகை வீட்டின் மாடிப்படி அகலம் முடிவு செய்யும்.

எவர்சில்வர் மூட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பேர் வெட்டிய பாத்திரம்தான் நிறையப் பேரை அழவைக்கிறது. புடவையை மடித்துப் பீரோவில் வைத்துவிடலாம். பாத்திரம் அப்படி இல்லை, தினமும் மூன்று வேளை கையில் வரும். டம்ளரைத் தூக்கிக் குடிக்கும்போது விளிம்புக்குக் கீழே இரண்டு பேரும் தேதியும் தெரியும். அதற்காகவே நல்ல கனமான பாத்திரங்களை எடைக்குப் போட்டவர்களைத் தெரியும். எடைக்குப் போட்டால் கிடைப்பது கொஞ்சம், அதே பாத்திரத்தைப் புதிதாக வாங்கப் போனால் ஆகும் செலவு அதிகம். அந்த எழுத்து ஆழமானது இல்லை, புள்ளி புள்ளியாக மேலாக வெட்டுவதுதான். பாத்திரங்களுக்குப் பாலீஷ் போடும் பட்டறையில் கேட்டால் தேய்த்து எடுத்துத் தருவார்கள், கொஞ்சம் தடம் தெரியலாம். நான்கு மூட்டையும் அதற்குத் தேவையில்லை. உங்களுக்கும் மகனுக்கும், வந்தால் போனால் நாலு பேருக்கும் போதுமானதை மட்டும் எடுங்கள். இரண்டு குக்கர், இட்லிப் பானை, சம்படங்கள், ஆறு தட்டு, ஆறு டம்ளர். அவற்றில் மட்டும் எழுத்தை எடுத்துவிட்டு, விருப்பமிருந்தால் மகன் பேரை வெட்டிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா, அத்தை, தோழிகள் பேர் வெட்டிக் கொடுத்தவை இருக்கும். 'அன்புடன்' என்று போட்டு யார் கொடுத்தார்கள் என்று எழுதியவை. அவை உங்கள் மேல் பிரியம் வைத்தவர்கள் கொடுத்தவை. அந்தப் பிரியத்துக்கு விவாகரத்து ஆகவில்லை. எழுத்தை அழிக்காமலேயே உபயோகியுங்கள்.

மீதியுள்ள எவர்சில்வரும் பித்தளை அண்டாவும் விடுதிக்கோ, முதியோர் இல்லத்துக்கோ, அன்னதானம் போடும் கோயிலுக்கோ பயன்படும். பெரிய பாத்திரம் அங்கேதான் தேவை. என்ன வேண்டும் என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாததை அவர்கள் வாசலில் இறக்கிவிட்டு வருவது தானம் ஆகாது. பித்தளைக்கு எடைக்கே நல்ல விலை உண்டு, பணம் தேவையென்றால் கூச்சப்படாமல் விற்றுவிடுங்கள்.

பட்டுப் புடவைகளில் அவசரம் வேண்டாம். தெருவுக்குத் தெரு 'பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்' என்று போர்டு வைத்திருப்பவர்கள் ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக வாங்குகிறவர்கள். பட்டுக்கோ நெசவுக்கோ அங்கே விலை இல்லை. அசல் காஞ்சிபுரம் ஜரிகை என்றால், சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசியிருக்கும். நாலு இடத்தில் விலை கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். முகூர்த்தப் புடவையைக் கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் மனசு. ஆனால் மற்ற பட்டுகள் என்ன பாவம் செய்தன? வளைகாப்புக்கு அம்மா எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு அலுவலக ஆயுத பூஜைக்குப் போகலாமே. முகூர்த்தப் புடவையை மட்டும் பருத்தித் துணியில் சுற்றி ஒரு வருடம் வையுங்கள், நடுநடுவே மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்தில் ஜரிகை விட்டுப்போகும். ஒரு வருடம் கழித்து அந்தப் புடவை உங்களிடம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நகையிலும் அதே அவசரமின்மைதான். கோபத்தில் நகையை மாற்றினால் நஷ்டம் நிச்சயம். பழைய நகையைக் கடையில் போட்டால் கல்லின் எடையைக் கழிப்பார்கள், அன்று கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது. 2023 ஏப்ரலிலிருந்து கடையில் விற்கும் நகைக்கு ஆறு இலக்க ஹால்மார்க் எண் கட்டாயமாகிவிட்டது. அதனால் எண் இல்லாத பழைய நகை செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் உங்கள் பழைய நகையை விற்கத் தடை ஏதும் இல்லை. 22 பவுன் என்றால் 176 கிராம். ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளையை வளர்க்கும் பெண்ணுக்கு அதுதான் பலம். உங்கள் பெயரில் மட்டும் ஒரு லாக்கர் எடுத்து அதில் வையுங்கள்.

தாலி. உங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் இதற்கு ஒரு பதில் இருக்கும். மாரியம்மன் உண்டியலில் போடு என்பார்கள், ஆற்றில் விடு என்பார்கள், உருக்கி மகனுக்கு மோதிரம் பண்ணு என்பார்கள். சட்டப்படி உங்கள் திருமணத்தை முடித்தது தீர்ப்பு. தாலி எங்கே இருக்கிறது என்பதால் அதில் எதுவும் மாறாது. சாத்திரப்படி என்ன என்று எனக்கு ஒரு பதில் சொல்லத் தெரியலாம், ஆனால் சொல்ல மாட்டேன். அதைக் கட்டியபோது உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எந்த நேரம், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இப்போதாவது நீங்களே முடிவெடுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கைப்பையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் ஏறும்போதும் டிக்கெட்டுக்குக் காசு எடுக்கும்போதும் விரலில் தட்டுப்படும் இடத்தில் அது வேண்டாம். திருட்டுப் பயம் வேறு. மற்ற நகைகளோடு லாக்கரில் இருக்கட்டும். முடிவு ஒரு நாள் தானாக வரும், வந்தால் உங்களுக்கே தெரியும்.

ஆல்பத்தைப் பற்றி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில், என்னிடம் வந்த ஒரு பெண்ணிடம், "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கம்மா, புதுசா ஆரம்பியுங்க" என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் சொன்னபடியே செய்தார். கல்யாண ஆல்பத்தோடு மற்ற போட்டோக்களும் போயின. சில வருடம் கழித்து அவர் மகள் பள்ளிக்கூடத்தில் ஏதோ பாடத்துக்காகத் தன் ஒரு வயதுப் போட்டோவைக் கேட்டிருக்கிறாள். வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் என்னைக் குறை சொல்லவில்லை, பேச்சுவாக்கில்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

உங்களுக்கு அது முடிந்துபோன கல்யாணத்தின் ஆல்பம். உங்கள் மகனுக்கு அது அவன் அம்மாவும் அப்பாவும் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரே புத்தகம். போட்டோவில் அவன் அப்பாவை வெட்டி எடுக்காதீர்கள். பிள்ளைகள் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், தன்னிலும் பாதி வேண்டாததோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களால் பார்க்க முடியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆல்பத்தை உறையில் போட்டு ஒட்டி, அவன் பேரை எழுதி, அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அது அவனுடையது. அவன் கேட்கும்போது கொடுக்கலாம். பேரன் கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைக்கும் அம்மாவுக்கு, அண்டாவைவிட இது பொருத்தமான பொறுப்பு.

அம்மாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். என் அத்தை ஒருவர் கல்யாணமான மூன்றாம் வருடமே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். எழுபதுகளில் நடந்தது. சாமான் மாட்டு வண்டியில் வந்ததாம். குதிர் இருந்த அறையில் பித்தளைத் தவலை, குடம், குத்துவிளக்கு எல்லாம் அடுக்கியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, தைப் பொங்கலுக்கு முன்னால், அத்தை எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வெயிலில் காயவைப்பார். சாயங்காலம் திரும்ப அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார். பொங்கலுக்குக்கூட அதில் ஒன்றை எடுத்து உலை வைத்ததில்லை. எடுக்க யாரும் விட்டதுமில்லை. பாட்டி, "அவ சாமான், யாரும் தொடாதீங்க" என்பார். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான். அத்தை போன பிறகு பாத்திரக் கடைக்காரர் தராசோடு வந்தார். குத்துவிளக்குகளில் ஒருமுறைகூடத் திரி எரிந்த கருப்பு இல்லை. அத்தையை நினைத்தால் எனக்கு அந்த விளக்குகள்தான் ஞாபகம் வரும்.

பாட்டி கெட்டவர் இல்லை. அந்தச் சாமான் வாங்க அவர் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருப்பார். அந்த மூட்டைக்குள் உங்கள் அப்பா வாங்கிய கடனும், சீட்டுப் போட்டுச் சேர்த்த காசும் இருக்கின்றன. அதை யாரோ எடுத்துப் போவதை அவரால் பார்க்க முடியாது. அதனால் "வேண்டாம், தூக்கிப் போடு" என்று அவரிடம் பேசாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மாடியில் உட்காரவைத்து, மூட்டையை அவர் கையால் அவிழ்க்கச் சொல்லுங்கள். எது எங்கே வாங்கியது, யார் கொடுத்தது என்று சொல்லச் சொல்லுங்கள். நடுவில் அழுவார், அழட்டும். நீங்களும் அழலாம். பேரனுக்கென்று வைக்க ஆசைப்பட்டால், ஒரே ஒரு டிரங்குப் பெட்டி கொள்ளும் அளவுக்கு அவரே தேர்ந்தெடுக்கட்டும். அந்தப் பெட்டியை மூடினால் மூடியதுதான், அதற்கு மேல் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அண்ணி வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எட்டு மாதமாக ஒரு அறையை விட்டுக்கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறார். அது பெரிய மனசு. அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே போன் செய்து, "அண்ணி, தை பிறக்கிறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிக் கொடுத்திடறேன்" என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் உங்களுக்கும் கை நகரும்.

பெரியம்மா சொன்ன தலைமுழுகலைப் பற்றி. விவாகரத்து ஆன பெண் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. செய்யுங்கள், உடம்புக்கும் நல்லது. ஆனால் 11 வருடத்தைக் கொளுத்த முடியாது.

உங்கள் கடைசிப் பயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் வாழவே இல்லை என்று ஆகிவிடுமா? அந்த 11 வருடத்தில் நீங்கள் ஒரு பிள்ளையைப் பெற்றீர்கள். அவன் ராத்திரி காய்ச்சலில் அனத்தியபோது விழித்திருந்தீர்கள். ஒரு கடையை நிமிர்த்த 14 பவுனைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அந்த வீட்டில் ஏதோ ஒரு குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டிருப்பீர்கள், அது இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கும். நல்ல நாட்களும் இருந்திருக்கும். இருந்தன என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், அதனால் விவாகரத்து தப்பாகிவிடாது. இவை எதுவும் அந்த லாரியில் ஏறி வரவில்லை, அதனால் எதைக் கொடுத்தாலும் இவை கூடப் போகவும் போகாது. நீங்கள் கொடுக்கப்போவது கட்டிலையும் அண்டாவையும்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். அடுத்த முறை ஈரோடு போகும்போது அந்தக் காகிதங்களையும் மொய் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரையும் கொண்டு வந்துவிடுங்கள். அண்ணனைச் சொன்னால் காரில் போட்டுக்கொண்டு வந்து தருவார். எட்டு மாதம் ஓடாமல் இருந்ததால் பெல்ட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், கல்லை நன்றாகக் கழுவி, முதலில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டுக் கொட்டிவிடுங்கள். அப்புறம் மாவுக்கு ஊறப்போடலாம்.